கொப்பியில் எழுதிய சாதி

அந்தக் கொப்பியில் மொத்தம் எத்தனை சட்டம் இருந்தது என்று எழுதியவனுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை மாறும். எழுதியவன் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன். அந்தக் காலத்தில் ‘அவர்’ என்றுதான் சொல்வேன், அதுவும் குரலைத் தாழ்த்தி. இப்போது ‘அவன்’ போதும். இந்த வயதில் எனக்கு அவ்வளவு உரிமையாவது இருக்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பதுளையில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, அதாவது தேயிலைச் செடியை வெட்டி விடுகிற வேலை. அம்மா கொழுந்து எடுக்கப் போவார். நான் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, லயத்திலிருந்தே பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு போனவள். கிளாக்கர் வீட்டார் வேறு சாதி, நாங்கள் வேறு சாதி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அவன் கொழும்பில் விடுதியில் தங்கிப் படித்து, பரீட்சையில் கோட்டை விட்டு, ‘திரும்ப எழுதப் போகிறேன்’ என்று வீட்டில் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்துக்குப் பழைய பத்திரிகைகள் கொண்டுவந்து தருகிற சாக்கில் என்னோடு பேச ஆரம்பித்தான். நானும் பேசினேன். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்து ரோட்டில் நடக்கும்போது, “கட்டினா உங்களைத்தான் கட்டுவேன் டீச்சர். தீபாவளிக்கு முந்தி வீட்டுல பேசிர்றேன்” என்றான். எனக்கு இருபத்துமூன்று வயது. காது குளிர்ந்துபோயிற்று. அன்றிலிருந்து எனக்கு உலகத்தில் ஒரே கேள்விதான், இவன் வீட்டில் பேசிவிட்டானா, இல்லையா.

விளையாட்டு இதற்கு நடுவில்தான் வந்தது. இங்கிலாந்தில் இருந்த அவனுடைய மாமா ஒரு பார்சலில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை அனுப்பியிருந்தார். அதுதான் ஆட்டம். பலகை கிடையாது, நகர்த்தக் காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, ‘நான் கதவை உடைக்கிறேன்’, ‘நான் ஓடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். முடிந்ததா, இல்லையா என்பதை விழுகிற எண் சொல்லும். புத்தகம் கேட்ட இருபது முகத் தாயக்கட்டைக்கு பதுளையில் எங்கே போவது? ஒரு பால்மா டின்னில் ஒன்றிலிருந்து இருபதுவரை எழுதிய துண்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தோம்.

புத்தகத்தில் உள்ளபடி விளையாடிவிட்டுப் போயிருந்தால் தொல்லை இல்லை. ஐயாவுக்கு அது போதவில்லை. “இது வெள்ளைக்காரன் ஆட்டம். நம்ம மண்ணுக்கு ஏத்த மாதிரி நான் புதுசா எழுதுறேன். நீங்க விளையாடிப் பார்த்து எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க” என்றான். பரீட்சை எழுதத் தெரியாதவன் எங்களை வைத்துப் பரீட்சை பார்க்கக் கிளம்பினான்.

பதுளைக் கடைவீதியில் கொப்பி, பேனை விற்கிற கடை ஒன்றின் பின்னறை எங்களுக்கு இடம். கடை முதலாளியின் மகன் அவனுக்குச் சிநேகிதர். முஸ்லிம் ஆள் என்பதால் நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். முப்பது வயதிருக்கும், வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. ஞாயிறு காலையில் எனக்கு டவுனில் ஆசிரியர் பரீட்சைக்கான வகுப்பு. துணைக்கு என் தம்பி வருவான். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இலை வாட்டுகிற மாடியில் வேலை அவனுக்கு. வகுப்பு முடிந்ததும் இரண்டு மணிக்குப் பின்னறையில் உட்காருவோம். ஐந்து மணிக்குக் கடைசி பஸ். நான்கு பேர், ஒரு மேசை, சுற்றிவரக் கொப்பிக் கட்டுகள். அவ்வளவுதான் எங்கள் ராச்சியம்.

முதல் ஞாயிறு. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு கொப்பியைத் திறந்தான்.

“முதல்ல எல்லாரும் அவங்கவங்க சாதியைச் சொல்லுங்க.”

தம்பி கையிலிருந்த டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். எழும்பிப் போய்விடலாமா என்று கேட்கிற பார்வை. எனக்கு முகம் கொதித்தது. நானாதான் வாயைத் திறந்தார்.

“என்னையுமா கேக்குறீங்க தம்பி? எங்க ஆக்கள்ல நான் என்னத்தச் சொல்ல?”

“ஐயோ, அந்தச் சாதி இல்ல நானா” என்று அவன் சிரித்தான். “ஆட்டத்துல ஆள் என்ன மாதிரி ஆள்னு ஒண்ணு இருக்கு. வாள் பிடிக்கிறவனா, மந்திரம் பண்றவனா, திருடனா. மீன் வாங்கப் போனா என்ன சாதி மீன்னு கேக்குறோம்ல. அந்தச் சாதி.”

மீனாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தச் சொல் எங்கே போய்க் குத்தும் என்று தெரியாதாம். நான் தமிழ் படிப்பிக்கிறவள், சும்மா இருக்க முடியவில்லை. “வகுப்புன்னு போடுங்களேன்” என்றேன். சரியென்று அடுத்த தடவை, “உன் வகுப்பு என்ன?” என்று தம்பியிடம் கேட்டான். “எட்டாம் வகுப்போட நிப்பாட்டிட்டேங்க” என்றான் தம்பி. நானா மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்.

“அப்ப தொழில்னு போடலாம்” என்றேன். இன்றைக்கும் சொல்கிறேன், அதுதான் சரியான சொல். அவனுக்குப் பிடிக்கவில்லை. “தொழில்னா பெரட்டுல நின்னு பேர் கொடுக்கிற மாதிரி இருக்கு டீச்சர்” என்றான். பெரட்டு என்றால் காலையில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். அவன் ஒருநாளும் அதில் நின்றவன் இல்லை. பிறகு ஒரு பிரசங்கம் செய்தான். “சாதின்னே இருக்கட்டும். என் ஆட்டத்துல யாரும் எந்தச் சாதியையும் எடுத்துக்கலாம். ஆட்டத்துல ஜெயிச்சுப் படி ஏறினா சாதியை மாத்திக்கலாம். அதை வெறும் விளையாட்டாக்கிட்டா அதோட திமிரு அடங்கிப் போகும்.”

நான் மயங்கிப்போனேன். மடச்சி. இப்படிப் பேசுகிறவன் வீட்டில் பேசாமலா இருக்கப் போகிறான் என்று நினைத்தேன். தம்பி மட்டும் பஸ்ஸில் வரும்போது, “அக்கா, அந்த ஐயா வாய் நல்லாத்தான் இருக்கு” என்றான். தன்னை அண்ணே என்று கூப்பிடச் சொல்லியிருந்தான் கிளாக்கர் மகன், இங்கே எல்லோரும் சமமாம். தம்பிக்கு வாய் வரவில்லை. ‘அண்ணே’ என்று தொடங்கி ‘ஐயா’ என்று முடிப்பான்.

மண்ணுக்கு ஏற்ற சாதிகள் வந்தன. கங்காணி, கவ்வாத்துக்காரன், டீமேக்கர், காவல்காரன், கொழுந்துக்காரி. நானாவுக்கு மட்டும் புத்தகத்திலிருந்த திருடன் போதும் என்றார். “கடை வச்சிருக்கிறவனுக்கு இது லேசு” என்பது அவர் சொன்ன காரணம். தம்பி கவ்வாத்துக்காரன். எனக்கு என்ன என்று கேட்கவேயில்லை, கொழுந்துக்காரி என்று அவனே எழுதிவிட்டான். யாரும் எந்தச் சாதியையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்ன வாய் காயவில்லை. நான் அதைக் கவனித்தேனா? கவனித்தேன். கேட்டேனா? இல்லை.

ஆயுதச் சட்டம் அதைவிட வேடிக்கை. கவ்வாத்துக் கத்திக்கு எட்டுப் புள்ளி, குத்தலாம், வெட்டலாம், எறியலாம் என்று எழுதியிருந்தான். அப்பாவின் கத்தியைத் தீட்டித் தீட்டி வளர்ந்த என் தம்பி மெதுவாகச் சொன்னான்.

“குத்த முடியாதுங்க. நுனி வளைஞ்சிருக்கும். கீழ இருந்து மேல இழுக்கத்தான் முடியும்.”

“எறியலாம்ல?”

“எறியலாங்க. எறிஞ்சா அப்பா கொன்னுருவாரு.”

கத்தியைக் கையால் தொட்டிராதவன் கத்திக்குச் சட்டம் எழுதினான். என் கொழுந்துக்காரிக்கு மட்டக்கம்பு. கொழுந்து எடுக்கும்போது செடியின் மட்டம் பார்க்க மேலே போடுகிற குச்சி அது. அதற்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளியென்றால் முயலைக்கூடச் சாகடிக்க முடியாது. முதல் பூதமாக முனியைக் கொண்டுவந்தான். தம்பி எழும்பி நின்றுவிட்டான். “அடிக்க மாட்டேங்க. லயத்துல கும்புடுற சாமி” என்றான். உடனே கொப்பியில் ஒரு வெட்டு, முனி பேயாயிற்று.

பாழடைந்த தேயிலை ஸ்டோர் ஒன்றுக்குள் பேயைத் தேடிப் போவதுதான் கதை. பேய் அவன் பக்கம், நாங்கள் எதிர்ப்பக்கம். அங்கேதான் ஐயாவின் குணம் வெளியே வந்தது. நான் மட்டக்கம்பால் பேயின் கண்ணைக் குத்தினேன். பத்தொன்பது விழுந்தது. குருடாக வேண்டிய பேய்க்கு உடனே ஒரு புதுச் சட்டம், ‘மட்டக்கம்பு கண்ணில் படாது.’ அடுத்த வாரம் என் கூடையைப் பேயின் தலையில் கவிழ்த்தேன். அதற்கும் சட்டம், ‘கூடை ஆயுதமல்ல.’ நானா திருட்டு வழியாகப் பின்கதவைத் திறந்தார். அந்த ஸ்டோருக்குப் பின்கதவே இல்லாமல் போயிற்று.

“தம்பி” என்றார் நானா, “நீங்க சட்டம் எழுதுறீங்களா, தோக்காம இருக்க வழி தேடுறீங்களா?”

“எங்க இடிக்குதுன்னு பார்க்கத்தானே நானா விளையாடுறோம்.”

“இடிக்கிறது உங்களுக்கு மட்டுந்தானே இடிக்குது.”

நான் நானாவை முறைத்தேன். சிரிக்காதீர்கள், உண்மை. எனக்கு அப்போது அது குறையாகவே தெரியவில்லை. பிழை என்று கண்டால் உடனே திருத்துகிறவன், பிடிவாதம் இல்லாதவன், நாளைக்கு வீட்டிலும் இப்படித்தான் வளைந்துகொடுப்பான் என்று கணக்குப் போட்டேன். தோற்கப் பயப்படுகிறவனுக்கும் திருந்துகிறவனுக்கும் வித்தியாசம் தெரியாத நான், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். பாவம் பிள்ளைகள்.

தீபாவளி வந்தது, போனது. “பொங்கல் முடியட்டும் டீச்சர், அப்பாவுக்கு ஸ்டோரில வேலை நெருக்கம்” என்றான். பெரிய கிளாக்கர் ஸ்டோருக்குள் காலெடுத்து வைத்ததை யாரும் பார்த்ததில்லை. அதையும் நம்பினேன்.

பொங்கலன்று தோட்டத்துக் கோயிலில் அவனுடைய அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே, “இதுதானா அந்தக் கொழுந்துக்காரி மக?” என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது, அதுதான் கேவலம். பேசியிருக்கிறான், பேசாமல் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று எண்ணினேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு அவன் கடைப் பக்கமே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தான். முகம் நன்றாகச் சவரம் செய்து பளபளவென்று இருந்தது. கையில் புதுக் கொப்பி. உட்கார்ந்ததும் என்னைப் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினான்.

“சாதிச் சட்டத்துல ஒரு திருத்தம். ஆள் எத்தனை படியும் ஏறலாம். ஆனா பிறந்த சாதி மாறாது. வேற வேற சாதி ஆக்கள் ஒரு கூட்டமா வழி நடக்கலாம், சண்டை போடலாம். ஒரு கூரைக்குக் கீழ தங்கக் கூடாது.”

வெளியே கடையில் யாரோ ஊசி நூல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இதென்ன தம்பி புதுசா?” என்றார் நானா.

“ஆட்டத்துக்கு ஒரு ஒழுங்கு வேணும் நானா. எல்லாரும் எல்லாமா மாறினா ஆட்டமே நிக்காது. சும்மா ஒருக்கா விளையாடிப் பார்ப்பம்.”

நான் நேராகவே கேட்டேன். தம்பி இருக்கிறான், நானா இருக்கிறார் என்றெல்லாம் பார்க்கவில்லை.

“வீட்டுல பேசினீங்களா?”

“அதான் சொல்லிட்டேனே டீச்சர்.”

“எங்க சொன்னீங்க?”

அவன் கொப்பியை என் பக்கம் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தான். ஒரு கூரைக்குக் கீழே தங்கக் கூடாது. நகத்தை அழகாக வெட்டியிருந்தான்.

ஒரு மனுஷன் ஒரு பெண்ணைக் கட்ட முடியாது என்று சொல்வதற்கு எத்தனையோ வழி இருக்கிறது. ‘அம்மா அழுகிறார்’ என்று சொல்லலாம். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால்கூட நான் மதித்திருப்பேன். ஒன்றும் வேண்டாம், பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்கு ஓடியிருக்கலாம். இவன் அதைச் சட்டமாக எழுதி, என்னையே விளையாடிப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொல்லச் சொன்னான். இவ்வளவு கோழைத்தனத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தூ.

எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. “சரி, விளையாடுவோம்” என்றேன்.

கதையில் மழை பிடித்தது. கூட்டம் அந்தப் பாழடைந்த ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது. டீமேக்கரும் காவல்காரனும் அவன் நடத்துகிற ஆட்கள், இரண்டு பேருக்கும் ஒரே பிறந்த சாதி எழுதியிருந்தான், உள்ளே போனார்கள். திருடனுக்குப் பிறந்த சாதி எழுத மறந்திருந்தான், அதனால் நானாவும் உள்ளே. கவ்வாத்துக்காரனும் கொழுந்துக்காரியும் வெளியே நிற்க வேண்டும்.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன்.

“விடியும்வரைக்கும்.”

“மழையில நிக்கிற ஆளுக்கு என்னாகும்?”

அதற்குச் சட்டம் இல்லை. “காய்ச்சல் வரும். டின்னைக் குலுக்கிப் பார்த்து அத்தனை புள்ளி குறைக்கணும்” என்றான். சொல்லிவிட்டு அவனே டின்னை எடுத்தான். குலுக்கி ஒரு துண்டை எடுத்து விரித்தான். பதினாறு விழுந்தது. என் கொழுந்துக்காரிக்கு இருந்த உயிரே பதினொரு புள்ளி.

“போதும் தம்பி, மூடுங்க கொப்பிய” என்றார் நானா. அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. “நான் வெளிய வாறேன். என் ஆள் உள்ள இருக்க மாட்டான்.”

என் தம்பி மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை முழுதும் ஸ்டோரில் வேலை செய்த காய்ப்பு.

சட்டம் எழுதியவன் இன்னும் என்னைப் பார்க்கவில்லை. கொப்பியைப் பார்த்துக்கொண்டே, “எப்படி டீச்சர், சட்டம் சரியா வருதா?” என்றான்.

“சரியா வருதுங்க” என்றேன். “ஓட்டையே இல்ல.”

அவனுக்கு மூச்சு வந்தது. உண்மையாகவே நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்த்தேன். பேனையை எடுத்து அந்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சரி அடையாளம் போட்டான், நான் பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் போடுவதுபோல. பிறகுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். சிரித்த முகம்.

“ஆயுதச் சட்டம் இன்னும் மிச்சம் இருக்கு. அடுத்த ஞாயிறு வருவீங்கதானே?”

பஸ்ஸில் தம்பி, “இனிமே அந்தப் பக்கம் போகக் கூடாதுக்கா” என்றான். நான் தலையாட்டினேன். லயத்துக்குப் போய் அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன். அவனுக்காக அழுதேன் என்று சொன்னால் பொய். ஓட்டையே இல்லை என்று சொன்ன என் வாய்க்காகத்தான் அழுதேன். ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

இவ்வளவும் நடந்த பிறகு என்ன செய்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த ஞாயிறு போனேன். தம்பியிடம், வகுப்புக்குத்தான் போகிறேன், நீ வரவேண்டாம் என்று சொன்னேன். அவனா நம்புகிறவன், பின்னாலேயே வந்துவிட்டான். நான் ஏன் போனேன்? ஐம்பது சட்டத்தை ஐம்பது தடவை மாற்றியவன் ஆயிற்றே. பேய்க்காக மாற்றினான், பின்கதவுக்காக மாற்றினான். எனக்காக ஒன்றை மாற்ற மாட்டானா என்று போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதுகிறேன்.

நானா வாசலிலேயே என்னைப் பார்த்து, “தங்கச்சி, ஏன் வந்தீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவன் கவ்வாத்துக் கத்தியில் தொடங்கினான். குத்துக்கு எட்டு என்பதை ஆறாக்கினான். தம்பி, “அதுக்குக் குத்தே கிடையாதுன்னு அன்னைக்கே சொன்னேனே” என்றான், ‘ஐயா’வும் இல்லை, ‘அண்ணே’வும் இல்லை. உடனே கிளாக்கர் மகன் குத்தை அடித்துவிட்டு வெட்டுக்கு ஏழு என்று எழுதினான். பிறகு அதையும் அடித்து ஐந்து என்றான். எறிவதை எடுத்துவிட்டான். மட்டக்கம்புக்கு ஒரு புள்ளி போதாது என்று யாரும் கேட்காமலே தானாக இரண்டாக்கிவிட்டு, என் பக்கம் பார்த்து, சந்தோஷமா என்பதுபோலச் சிரித்தான்.

சாதிச் சட்டம் அதற்கு முந்திய பக்கத்தில் இருந்தது. கொப்பி அவன் கைக்கடியில்தான் கிடந்தது. அவன் அந்தப் பக்கத்தைத் திருப்புவான் என்று பார்த்துக்கொண்டு, ஐந்து மணி பஸ்வரைக்கும் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.